உன் கதவில் நான் போட்ட பட்டை

முந்தாநாள் காலை உன் மகள் கொண்டுவந்து வைத்த காகிதக் கட்டு இன்னும் என் தறியோரம்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கையில் வாங்கியபோது அப்போதுதான் இறக்கிவைத்த சோற்றுப் பானை மாதிரி சுட்டது. மையும் சூடும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் சட்டைப்பைதான் ஞாபகம் வந்தது. கடை கடையாக ஏறி ஒழுகுகிற பேனாவாகப் பார்த்து வாங்குவாயே, நீலக் கறை இல்லாத சட்டை ஒன்றாவது உன்னிடம் இருந்ததா?

"மாமா, இது அப்பா எழுதின புக்கு. நோட்டையெல்லாம் பார்த்து நான்தான் டைப் அடிச்சேன். அப்பா மொதல்ல உங்ககிட்டதான் படிச்சுக் காட்டுவாராமே. ஒரு தபா பார்த்துக் குடுத்தீங்கன்னா அச்சுக்குக் குடுத்துடலாம்" என்றாள்.

கொடுத்தாயிற்று, போகவேண்டியதுதானே? போகவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். உன்னை மாதிரியே நெற்றியைச் சுருக்கினாள். அப்புறம் கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு அப்பா ஏன் நம்ம கதவுல திருநீறு போட்டாரு? அவ்ளோ பயமா அவருக்கு?"

ஐயம்பேட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூட, 'திருநீறு வாத்தியார் பொண்ணுதானே' என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது எனக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்க வந்திருக்கும். "நாளைக்கு வாம்மா, தறியில பாவு நூலு அறுந்துடுச்சு, அவசரம்" என்று பொய் சொல்லி அனுப்பினேன். பாவாவது அறுவதாவது! அவள் தலை தெருமுனையில் மறைகிற வரைக்கும் தறிக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீ மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆகிறது. உன் சொந்த மகளே உன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் இங்கே பட்டு நெய்துகொண்டிருக்கிறேன். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

அந்தப் புத்தகம் என் தறிச் சத்தத்தில்தான் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயைக் குடித்துவிட்டு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவாய். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிப்பாய். நமக்குள் ஒரு கணக்கு உண்டு. நான் நெய்துகொண்டே இருந்தால் நீ எழுதியது சரி. தறி நின்றால் அந்த வரி சரியில்லை; அங்கேயே அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாய். பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. அப்புறம் நீ வரலாறு படிக்கப் போனாய், நான் தறிக்கு வந்தேன். "நீ நிறுத்தாம நெய்ற மாதிரி எழுதிட்டேன்னா போதும்டா, ஊரே படிக்கும்" என்பாய்.

ஒருநாள் கேட்டேன், "ஏன்டா, காஞ்சிபுரத்துல பொறந்துட்டு, உனக்கு இன்னாத்துக்குடா ஜெர்மன் ராஜா கதை? நம்ம ஊர்ல இல்லாத ராஜாவா?"

நீ சிரித்தாய். "நம்ம ஊரு சண்டையை எழுதுனா ரெண்டு பக்கமும் ஒதைப்பாங்கோ. இது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ஏழு கடல் தாண்டி நடந்தது. இதை எழுதுனா எவன் கேக்கப் போறான்? ஆனா படிக்கிறவனுக்குத் தெரியும், நான் யாரைப் பத்தி எழுதறேன்னு."

ராஜாக்களின் பெயர் ஒன்றுகூட எனக்கு மனதில் நிற்கவில்லை. கிழக்கே வேறு சாமி கும்பிட்ட ஸ்லாவியர்களை அடக்கி, பிடித்து அழுத்தி ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அவர்கள் என்பதும், நீ சொன்ன சாவுகளும் மட்டும் நிற்கின்றன. ஜெர்மன் அரசனின் எல்லைக் காவலன் ஒருவன், ஸ்லாவியர்களின் தலைவர்கள் முப்பது பேரை விருந்துக்குக் கூப்பிட்டான். வயிறு முட்டத் தின்னக் கொடுத்தான், குடிக்கக் கொடுத்தான், தலை தொங்கியதும் அத்தனை பேரையும் வெட்டிப் போட்டான். அவர்கள் தன்னைக் கொல்லப் பார்த்தார்கள், தான் முந்திக்கொண்டேன் என்று அப்புறம் காரணம் சொன்னான். அந்த இடத்தில் நான் தறியை நிறுத்திவிட்டேன். "என்னடா, புரியலையா?" என்று பேனாவைத் திறந்தாய். "சோறு போட்டு வெட்டுனானா பாவி" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. நீ பேனாவை மூடிக்கொண்டாய். அந்த வரி அப்படியே இருக்கிறது. இந்தக் காகிதக் கட்டில் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் அந்த ஆற்றங்கரைச் சண்டை. தோற்ற ஸ்லாவியத் தலைவனின் தலையை வெட்டிக் களத்தில் வைத்தார்கள். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கைதிகளை நிறுத்தி, பொழுது சாய்கிற வரைக்கும் ஒவ்வொருவராகத் தலையைச் சீவினார்கள். அவனுக்கு யோசனை சொன்ன மந்திரியை மட்டும் கொல்லவில்லை. கண்ணைப் பிடுங்கி, நாக்கை அறுத்து, பிணங்களுக்கு நடுவில் விட்டுவிட்டுப் போனார்கள். சொல்ல வாயில்லாமல், பார்க்கக் கண்ணில்லாமல், அவன் மட்டும் உயிரோடு. நீ அந்தப் பக்கத்தை நான்கு தரம் எழுதினாய். "செத்தவன் கணக்கு முடிஞ்சுதுடா. இவன் கதைதான் எனக்குத் தீர மாட்டேங்குது" என்றாய்.

அடிபட்டவர்கள் திருப்பி எழுந்ததையும் விடாமல் எழுதினாய். மாதா கோயில்களைக் கொளுத்தியதை, பாதிரிமாரின் உச்சந்தலையில் கத்தியால் சிலுவை கீறியதை, செத்துப் புதைத்த பிஷப்பையே குழியிலிருந்து இழுத்து, அவர் அங்கியை உருவிக்கொண்டு பிணத்தை மறுபடி உள்ளே எறிந்ததை. "இது வேணாண்டா, இவங்க பாவம், இதை விட்டுடு" என்று நான் சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தாய். "பாவப்பட்டவன் கையில ரத்தம் இருந்தா அது தண்ணியாயிடுமா?" என்று கேட்டாய். அப்போது உன் மீது எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். எத்தனை நேரம்தான் ஜெர்மனியிலேயே சுற்றிக்கொண்டிருப்பது?

பதினோரு வருஷம் ஆகிறது. ஆடி மாசம், உச்சி வெயில். நான் வீட்டுக்குப் பின்னால் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் அரிசிக் கஞ்சி காய்ச்சி இறக்கிவைத்திருந்தேன். என் மச்சினன் ஏழெட்டுப் பேரோடு தெருவில் வந்து நின்றான். கையில் கழி. கண்ணெல்லாம் சிவப்பு.

"மாமா, கெளம்பு. சாமி மேல கல்லு வுட்டுட்டானுங்கோ."

"எந்தச் சாமி மேலடா? எந்தத் தெருவுல?"

"அதெல்லாம் அப்பாலிக்கி. வரலைன்னா கதவுல பட்டை போட்டுக்கினு உள்ள உக்காரு. பட்டை இருக்கிற ஊட்டை வுட்டுடுவோம்."

எந்தச் சாமி, எந்தக் கல் என்பது இன்றைக்கு வரைக்கும் எவனுக்கும் தெரியாது. பேப்பரில் ஒரு வரி வரவில்லை. ஆனால் அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் தெரு கலப்புத் தெரு. எங்கள் ஆட்கள் வீடு பாதி, உங்கள் பாய்மார் வீடு பாதி. அவர்கள் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். உன் பெண்சாதியும் மகளும் ஐயம்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நீ மட்டும்தான் வீட்டில்.

திருநீற்றுப் பையை எடுத்து மடியில் செருகினேன். அப்போதுதான் நெசவுக்காரன் புத்தி வேலை செய்தது. உன் வீட்டுக் கதவு வழவழவென்று பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. வெறும் திருநீறு அதில் நிற்காது, காற்றிலேயே கொட்டிவிடும். கஞ்சியில் குழைத்தால் ஒட்டும். பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஓடினேன். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. உன் வாசலில் நின்று திருநீற்றைக் கஞ்சியில் கொட்டிக் குழைத்து, மூன்று விரலால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்தேன். நடுவில் ஒரு பொட்டும் வைத்தேன். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

நீ எழுதிக்கொண்டிருந்தாய். "இன்னாடா இது, கையெல்லாம் கஞ்சி?" என்று கேட்டாய். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவில் சத்தம் கேட்டுவிட்டது.

கதவில் கழியால் ஒரு அடி விழுந்தது. அப்புறம் என் மச்சினனின் குரல். "டேய், பட்டை இருக்குது பாரு. இது நம்மாளு ஊடு. போ, போ." அவனுக்கு உன்னைத் தெரியும், ஆனால் உன் வீடு தெரியாது. காலடிகள் நகர்ந்தன. நான் மூச்சை விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை, பக்கத்து வீட்டுக் கதவு உடைகிற சத்தம் கேட்டது.

மெத்தை பாய் வீடு. யாருக்கு என்ன கெடுதல் செய்தார் அந்த மனுஷன்? ஊரில் பாதி வீட்டில் அவர் தைத்த மெத்தையில்தான் படுக்கிறார்கள். என் கல்யாண மெத்தை அவர் கைதான். அவரைத் தெருவில் இழுத்துப் போட்டார்கள். நீ கதவை நோக்கிப் பாய்ந்தாய். நான் உன்னைப் பிடித்தேன். உன்னைக் கீழே தள்ளி, நெஞ்சின் மீது முழங்காலை வைத்து அழுத்தி, ஒரு கையால் உன் இரண்டு கையையும் பிடித்து, இன்னொரு கையால் உன் வாயைப் பொத்தினேன். முப்பது வருஷம் தறி நெய்த கை. நீ சாக்பீஸ் பிடித்த வாத்தியார். உன்னால் என்ன செய்ய முடியும்? கடித்தாய். உள்ளங்கைச் சதை உன் பல்லில் கிழிந்தது, ரத்தம் உன் வாய்க்குள் போனது. நான் எடுக்கவில்லை.

"வாத்தியாரே!" என்று அவர் கத்தினார். அவர் தெருவில் விழுந்து கிடந்தது உன் கதவுக்கு நேரே. "வாத்தியாரே, வாத்தியாரே!" என்று எட்டுத் தரம் கூப்பிட்டார். பஞ்சு அடிக்கிற அவருடைய வில்லையே எடுத்து அவரை அடித்தார்கள். அடி விழும்போதெல்லாம் அதன் நரம்பு டொய்ங் டொய்ங் என்று அதிர்ந்தது. வலது கையைக் கல்லின் மேல் வைத்து அந்த மரத்தாலேயே நசுக்கினார்கள். எலும்பு நொறுங்குகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் அவர் உன்னைக் கூப்பிடவில்லை. உன் கண்ணிலிருந்து தண்ணீர் என் விரல் மேல் வழிந்துகொண்டே இருந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் ஓடினோம். நீ தலைப்பக்கம், நான் கால்பக்கம். அந்த வெயிலில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரி வரைக்கும் ஓடினோம். உயிருக்கு ஆபத்தில்லை, கைதான் இனி உதவாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்தபோதுதான் உன் கதவைப் பார்த்தாய். வெயிலில் கஞ்சி நன்றாகக் காய்ந்து, மூன்று பட்டையும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

அப்புறம் சொன்னாய். கத்தவில்லை.

"நீ என் உயிரைக் காப்பாத்தலைடா. கையக் காலப் புடிச்சு அழுத்தி எனக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டே. அந்த ராஜாவும் இதைத்தான் பண்ணான்."

"செத்திருப்பேடா நீ!" என்றேன். எனக்கும் கோபம் தலைக்கேறியது. உள்ளங்கையில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இவன் வரலாறு பேசுகிறானே என்று.

"செத்திருந்தா நான் யாரா இருந்தேனோ அவனாவே செத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். தண்ணீர் கொண்டுவந்து தேய்த்தாய், போகவில்லை. பாவுக் கஞ்சி அப்படிப் பிடிக்கும். அதற்குத்தானே நாங்கள் அதைப் போடுகிறோம். சமையல் கத்தியை எடுத்துச் சுரண்டினாய். கஞ்சியோடு பெயின்ட்டும் உரிந்து வந்தது. மூன்று பட்டை போய், அதே இடத்தில் மூன்று கோடாக வெறும் மரம் தெரிந்தது. நான் போட்டதைவிட நன்றாகத் தெரிந்தது. முட்டாள், முட்டாள், வெறும் திருநீற்றைப் பூசியிருந்தால் அன்று சாயங்காலமே துடைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். தெருவில் கிடந்த மெத்தை பாயும் பார்த்தார். வாத்தியார் தன் கதவில் தானே திருநீறு பூசிக்கொண்டு உள்ளே பதுங்கிவிட்டார், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் சொல்லிக் கத்தியும் வெளியே வரவில்லை. இதுதான் கதை. திருநீறு வாத்தியார். இரண்டே வாரத்தில் அந்தப் பெயர் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. என் காதிலும் விழுந்தது.

நீ வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடித்தேன். போட்டது நான் என்று நீ ஒருத்தரிடம் சொல்லியிருந்தால் போதும், அது என் மச்சினன் காதுக்குப் போயிருக்கும். தங்களை ஏமாற்றி உன்னைக் காப்பாற்றியவன் என்று என் ஆட்களே என் காலை ஒடித்திருப்பார்கள். நீ அதற்குப் பயந்தாய். என் காலுக்காக உன் மானத்தைக் கொடுத்தாய். நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் நீ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி, "அண்ணன் ஏன் வர்றதில்ல?" என்று கேட்பாள். "ஸ்கூல முசரவாக்கம் பக்கம் மாத்திட்டாங்க, அலைச்சல்" என்பேன். பஸ் ஸ்டாண்டில் உன்னைத் தூரத்தில் பார்த்தால் நான் வேறு சந்தில் நுழைந்துவிடுவேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதுவுமே நடக்காத மாதிரி வந்தாய். அதே சுவரோரம், அதே சம்மணம். நான் நாடாவைத் தள்ளி நெய்தேன், நீ படித்தாய். சிலுவைப் போர் என்று சொல்லிக்கொண்டு ஜெர்மன் பிரபுக்கள் ஸ்லாவியர்கள் மேல் படையெடுத்த கதை. மதம் மாறு, இல்லாவிட்டால் செத்துப்போ என்பதுதான் பேச்சு. ஒரு ஊரில் கோயிலையும் அதிலிருந்த சாமிகளையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். தங்களுக்குக் கப்பம் கட்டும் ஜனங்களின் இன்னொரு கோட்டையை முற்றுகை போட்டுப் பார்த்து அலுத்துப்போய், 'நாம் அழிப்பது நம்ம நிலம்தானே, கொல்வது நம்ம ஜனம்தானே' என்று அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பொய்யாக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். "தலையில ஊத்துன தண்ணியத் தொடச்சுக்கினு வீட்டுக்குப் போனாங்க" என்று நீ சொன்னபோது, இரண்டு பேரும் அந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தோம்.

கடைசியில் ஸ்டெட்டின் என்ற ஊர். படை வந்து சூழ்ந்து நின்று பார்த்தால், கோட்டைச் சுவர் முழுக்கச் சிலுவை தொங்குகிறது. அந்த ஊர் ஏற்கெனவே மதம் மாறிய ஊர். உள்ளேயிருந்து பிஷப் வெளியே வந்து, 'எங்களைத்தான் எப்போதோ மாற்றிவிட்டீர்களே, இப்போது எதற்கு வந்தீர்கள்' என்று கேட்டார். படைக்காரர்கள் முழித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

நான் தறியை நிறுத்தினேன். "இதுல இன்னா தப்பு இருக்குது?" என்று கேட்டாய். "தப்பு இல்லடா. பொழைச்சாங்க இல்ல?" என்றேன்.

நீ நோட்டை மடியில் வைத்துக்கொண்டாய். "சொவர்ல சிலுவையத் தொங்கவுட்டுட்டு உள்ள உக்காந்திருந்தவன் மனசுல இன்னா இருந்ததுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. எழுதினவன் எல்லாம் வெளிய நின்னவன். நீ போட்ட பட்டைக்கு உள்ள நான் இருந்தேன்டா. அதனால எனக்குத் தெரியும். ஆனா என்னாலயும் எழுத முடியல."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாய். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. நான் எடுக்காததற்குக் காரணம் வெட்கம். எடுத்தால், 'ஊருக்குச் சொல்லேன்டா' என்று எங்கே கேட்டுவிடுவாயோ என்ற பயம். நீ கேட்கவே இல்லை. ஒன்பது வருஷம்! கேட்டிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருக்கக் கூடாதா? எனக்குத்தான் மூக்கு மேல் கோபம், உனக்குக் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா? மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று உன் வீட்டிலிருந்து போன் வந்தபோது, படுபாவி நான், அழுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் எவருக்கும் தெரியாது என்று. இதை வேறு எவரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன்.

நேற்று காலை உன் மகள் மறுபடி வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையைக் காட்டினேன், உன் பல் பட்ட இடம் இன்னும் தடித்துத்தான் இருக்கிறது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா ஏன் சொல்லல?" என்றாள். சொன்னேன். "நீங்க ஏன் சொல்லல?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சொன்னா பத்தாது மாமா. மெத்தை தாத்தாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் போனேன். பாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. எதிரில் நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. கஞ்சியில் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டது நான். வாத்தியார் வெளியே வரப் பார்த்தார், நான்தான் அழுத்திப் பிடித்தேன். நீங்கள் கூப்பிட்ட எட்டுத் தரமும் அவர் என் கைக்குக் கீழே திமிறிக்கொண்டிருந்தார்.

பாய் எழுந்தார். இடது கையால் என்னை ஒரு அறை விட்டார். எழுபது வயசுக் கை, ஆனாலும் காதில் கொய்யென்றது. இன்னும் ஒன்று விட்டார். மூன்றாவதுக்குக் கை எழும்பவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் காலீல ஸ்கூலுக்குப் போறப்போ வாசல்ல நின்னு சலாம் சொல்லுவாம்பா" என்றார். "தெனம். பதினோரு வருஷம். நான் மூஞ்சத் திருப்பிக்குவேன். ஒரு நாள்கூட நான் பதில் சொல்லல. அவனும் ஒரு நாள்கூட வுடல."

எனக்கு இது தெரியாது. நீ சொன்னதே இல்லை.

"என்னை கபர்ஸ்தானுக்குக் கூட்டிக்கினு போ" என்றார்.

ஷேர் ஆட்டோவில் போனோம். உன் மண் மேட்டில் இன்னும் புல் சரியாக முளைக்கவில்லை. கபர்ஸ்தானில் சொல்வதற்கென்று வேறு சலாம் இருக்கிறதாம், அவர் அதைச் சொல்லவில்லை. குனிந்து நின்று, சலாமுக்குச் சொல்கிற பதிலாக, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, "வ அலைக்கும் ஸலாம், வாத்தியாரே." மறுபடி. மறுபடி. ஒவ்வொரு நாளுக்கும் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று பார்த்தார். தொண்டை கட்டி, இருமல் வந்து, நான் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி சொன்னார். வெயில் இறங்குகிற வரைக்கும் சொன்னார்.

திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட்டேன். உள்ளே போகப் போனவர் வாசற்படியில் நின்றார்.

"அந்தக் கஞ்சி மீதி இருந்துச்சாபா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"இருந்துச்சு, பாய்."

"எத்தினி கதவுக்கு வரும்?"

"நாலு கதவுக்கு வரும்."

அவர் தன் கதவைத் திரும்பிப் பார்த்தார். உன் கதவைப் பார்த்தார். நடுவில் ஒரு சுவர்தான்.

"எல்லாக் கதவுலயும் போட்டா அவங்க நம்பமாட்டாங்கன்னு நெனச்சேன், பாய்" என்றேன். உன்னிடம்கூட நான் சொல்லாதது அது. உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் கேட்காமல் விட்டாயோ என்னவோ. அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மீதிக் கஞ்சியை உன் வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் நான் அன்று உள்ளே வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

என்னை நீ மன்னித்தாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இப்போது கேட்கத் தோன்றவில்லை. கழியோடு வந்தவனுக்கு எந்த வீடு என்று தெரியாது. எந்த வீட்டை விடலாம், எந்த வீட்டுக்குள் போகலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தவன் நான்தான்.